பக்கவாசலுக்கு நாலு எட்டு

நூற்றுப் பத்தாவது எட்டில் ஒரு குழி வந்தது. முந்தின நாள் மழைத்தண்ணீர் அதில் கணுக்கால் ஆழத்துக்கு நின்றது. சுற்றிப் போனால் எண்ணிக்கை தவறிவிடும். எட்மண்ட் சப்பாத்துக் காலோடு இறங்கி ஏறினார். நூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போய் நூற்றுப் பதினாறில் பெரிய வாசலின் இரும்புக் கதவைத் தொட்டார். இரண்டு பாதிகளையும் தோளால் தள்ளிப் பார்த்தார். வெளிப்புறமாகத் திறந்தன. தரையில் செருகும் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. குனிந்து இழுத்தார், ஆட்டினார், கடைசியில் கழற்றியே எடுத்து வேலியோரப் புல்லில் எறிந்தார்.

“எட்மண்ட் அண்ணே, அது பள்ளிக்கூடத்துக் கதவு. நாளைக்கு பிரின்சிபால் வந்து என்னத்தான் கேப்பாரு லா!” மேடையிலிருந்து பெர்னார்ட் கத்தினார்.

“நாளைக்குத்தான கேப்பாரு. மூவாயிரம் பேர் வர்றது இன்னைக்கு.”

பெர்னார்ட் கத்தோலிக்கக் கோவில் பங்கின் இளைஞர் மன்றத் தலைவர். முப்பத்தைந்து வயது, அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த வருஷம் பங்கின் நூற்றாண்டு. வழக்கமாகப் போடும் வேதாகம நாடகம் வேண்டாம், உலகம் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்று செய்யவேண்டும் என்று கமிட்டியில் அடித்துப் பேசியவர் அவர்தான். பினாங்கிலிருந்து ஒரு வாத்தியக் குழு, மேடானிலிருந்து ஒன்று, கொழும்பிலிருந்து ஒன்று, மணிலாவிலிருந்து ஒன்று. ‘அனைத்துலக இசை விழா’ என்று மஞ்சள் தாளில் அச்சடித்து சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைத் தூண்களில் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. அனைத்துலக விழா எதையாவது நேரில் பார்த்தவர் பங்கில் யார் என்று விசாரித்தபோது ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

எட்மண்ட் இப்போது பக்கவாசலுக்குப் போயிருந்தார். மைதானத்துக்கும் கோவிலுக்கும் நடுவில் உள்ள வாசல் அது. ஆறடி அகலம். கதவு கோவில் பக்கமாகத் திறந்தது. தாண்டினால் சிமெண்டு முற்றம், அதைத் தாண்டினால் கோவிலின் பக்கக் கதவு. கொக்கியில் ஒரு பழைய பித்தளைப் பூட்டு, சாவியில்லாமல், வாய் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் ஒருமுறை தட்டினார். அது ஆடியது.

“பெர்னார்ட், ரெண்டு வாசலும் கடைசி ஆள் போறவரைக்கும் தொறந்தே இருக்கணும்.”

“தொறந்தே இருக்கும்ணே. நம்ம பயலுவ எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. எத்தன வாட்டி கேப்பீங்க?”

ஒன்பது வாட்டி கேட்டிருந்தார்.

*

எட்மண்ட் பிறந்தது கெர்பாவ் ரோட்டில். பத்தொன்பது வயதில் ஒரு கப்பல் கம்பெனியில் சமையலறை எடுபிடியாகச் சேர்ந்து, சாப்பாட்டுக் கூடத்து ஸ்டூவர்டாக உயர்ந்து, இருபத்தாறு வருஷம் கடலில் கழித்தார். கப்பலில் வாரம் ஒரு தடவை ஆபத்துக்காலப் பயிற்சிக்கு மணி அடிப்பார்கள். கையில் இருக்கிற தட்டைப் போட்டுவிட்டு அவரவருக்கு விதித்த கதவுக்கு ஓட வேண்டும். எட்மண்டின் கதவு இரண்டாம் தளத்தில் இடப்பக்கம். அதன் கைப்பிடியைத் தினமும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். ஒருவரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் கப்பல் ஹாம்பர்க்கில் பழுதுபார்க்க நின்றது. மூன்று வாரம் வேலை இல்லை. கூட இருந்த கோவாக்காரர் ஒருவர் கிதார் பித்துப் பிடித்தவர். ஒரு இசை விழா இருக்கிறது, வா என்று இழுத்துக்கொண்டு போனார். உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வயல். அறுபதாயிரம் பேர் என்றார்கள். எட்மண்ட் அதுவரை அவ்வளவு ஜனத்தை ஓரிடத்தில் பார்த்ததில்லை. முதல் நாள் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. நீ யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் பாதி ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஜனம் ஒரே வாசலுக்கு நடந்தது. ஓடவில்லை, நடந்துதான் போனார்கள். எட்மண்டும் நடந்தார். பிறகு நடக்க முடியவில்லை. பிறகு கால் தரையில் படவில்லை. முன்னால் போனவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் வர முயன்றதைப் பார்த்தார். அவர்கள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். அந்த முகங்களைப் பார்த்தபிறகுதான், வாசல் பூட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. இருபது நிமிஷம் கழித்து யாரோ வேலியை லாரியால் இழுத்துச் சாய்த்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எட்மண்ட் கப்பலுக்குத் திரும்பி, இடப்பக்கத்துக் கதவின் கைப்பிடியை ஏழெட்டு முறை திருகிப் பார்த்தார்.

வேறொருவர் என்றால் அத்தோடு இசை விழாவின் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். எட்மண்டுக்கு நேர்மாறாக ஆயிற்று. வாசல் சரியாக இருக்கிற ஒரு விழாவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. கப்பல் கோடையில் ஐரோப்பியத் துறைமுகத்தில் நிற்கிற வருஷமெல்லாம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எட்டு வருஷத்தில் ஆறு விழா.

ஊருக்கு வந்தால் தேக்காவில் சாகுல் ஹமீதின் பெட்டிக் கடைக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து அதையெல்லாம் சொல்வார். பயணப் பெட்டியும் தோல் பையும் விற்கிற சாகுல் ஹமீது, கப்பலுக்குப் போகுமுன் எட்மண்டோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“நீ பாத்ததுல எதுப்பா பெருசு?”

“இங்கிலீஷ்காரன் ஊர்ல நடந்ததுதான் பாய். கணக்கே இல்ல. சுத்தி ரெண்டு வரிசைத் தகரம். தகரத்துக்கு எந்தப் பக்கம் வழின்னு உள்ள இருக்கறவனுக்குத் தெரியாது.”

“பாட்டு எப்டி?”

“பாட்டு நல்லாத்தான் இருந்திருக்கும்.”

“ஹாலந்துல?”

“காட்டுக்குள்ள. மூணு பக்கம் வாய்க்கா. வாய்க்கால்ல பலகை போட்டு வச்சிருந்தான். பரவால்ல. ஆனா பலகைல வெளக்கு இல்ல.”

“யோவ், தேசம் தேசமாப் போயி, பாட்டக் கேக்காம வாசலயும் கக்கூஸையும் எண்ணிட்டு வந்த ஒரே ஆளு நீதான்யா!” சாகுல் ஹமீது சொன்னார். காப்பிக் கடையே சிரித்தது. எட்மண்டும் சிரித்தார். அது எழுபத்து நாலு. விழாவிலிருந்து வந்தவர் காது மறைகிற அளவுக்கு முடி வைத்திருந்தார். நீள முடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று தபால் நிலையத்தில் படம் போட்டு ஒட்டியிருந்த காலம். எட்மண்ட் வரிசையின் கடைசியில் நின்று, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியான விழாவை அவர் எழுபத்தெட்டில் டென்மார்க்கில் பார்த்தார். அங்கே வேலியைத் துண்டு துண்டாகச் செய்து, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் பக்கத்தில் ஒரு ஆள். ஓரிடத்தில் கிழவி ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கத்தி. உனக்கு என்ன வேலை என்று கேட்டார். உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்றாள். தேவைப்பட்டால் கயிற்றை அறுப்பேன். இதுவரை தேவைப்பட்டதா? இல்லை. ஒன்பது வருஷமாக உட்காருகிறேன்.

எட்மண்ட் அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து அன்று சாயங்காலம் முழுக்கப் பாட்டுக் கேட்டார்.

ஊருக்கு வந்து மனைவி பிலோமினம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “அந்தக் கெழவியத்தான் நான் பாக்கணும்,” என்றாள். “எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?”

“அடுத்த வருஷம்.”

அடுத்த வருஷம் கம்பெனி பழைய கப்பல்களை விற்றுவிட்டது. சரக்குப் பெட்டிகள் ஏற்றும் புதுக் கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்துக்கு இரண்டு ஆள் போதும். எட்மண்ட் கரைக்கு வந்து ஒரு ஓட்டலில் பகல் காவலாளியானார். பிள்ளைகள் இல்லை. பஃபலோ ரோட்டில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்தது. பிலோமினம்மாளுக்கு இடது முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. லிஃப்ட் நிற்கிற மாடியிலிருந்து ஒரு தளம் ஏறி வர அவளுக்குக் கால் மணி ஆகும். நடுவழியில் நின்று, “ஒலகத்துத் திருவிழா ஒன்னுகூட எனக்குக் குடுத்து வைக்கல பாருங்க,” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள். குறையாகச் சொல்கிறாளா, கேலியாகச் சொல்கிறாளா என்று இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் கண்டுபிடித்ததில்லை.

ஆகவே பெர்னார்ட் வந்து கேட்டபோது எட்மண்ட் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். இடத்தை நான் பார்க்கவேண்டும். மனதில் போட்ட இன்னொன்றைச் சொல்லவில்லை. பிலோமினா உட்காரும் இடத்தையும் நான்தான் பார்ப்பேன்.

டென்மார்க் மாதிரி வேலியைக் கயிற்றால் கட்டலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். பெர்னார்ட் கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணே, இது சிங்கப்பூர் லா. வேலியக் கழட்டுனா மொதல்ல போலீஸ்தான் உள்ள வரும். ரெண்டு வாசல் இருக்கு, போதும்.”

ரெண்டு வாசல் போதும்தான். எட்மண்ட் மனதில் ஒப்பிட்டுப் பார்த்தார். அறுபதாயிரம் பேருக்கு ஒன்று இருந்த இடத்தையும் பார்த்தவர் அவர்.

*

நாலு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. தேக்கா, ரேஸ் கோர்ஸ் ரோடு மட்டுமில்லை, காத்தோங்கிலிருந்தும் தெம்பனிஸிலிருந்தும் வந்திருந்தார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், யூரேசியர்கள். எட்மண்ட் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, பிலோமினம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கத்தரிப்பூ நிறப் புடவை, ஈஸ்டருக்கு எடுத்தது.

பக்கவாசலிலிருந்து நாலு எட்டு எண்ணி அந்த இடத்தில் நாற்காலியை விரித்தார்.

“இங்கயாங்க? மேட எட்டத்துல இருக்கு.”

“இதுதான் நல்ல எடம். காத்து வரும். மழ வந்தா எந்திரிச்சு நேரா கோவிலுக்குள்ள போயிரு. நாலே எட்டு. யாரும் உன்ன இடிக்க முடியாது.”

“இங்க உக்காந்தா கடைசில ஜார்ஜ் அண்ணன் வந்து நாற்காலிய நகத்தச் சொல்லுவாரு.”

“எதுக்கு?”

“அவருக்கு எல்லாத்துக்கும் ஒரு நேரம், ஒரு மொறை. நீங்க என்னைக்குத் திருவிழாவுக்கு இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரிய? ஊரு ஒலகத்துத் திருவிழாவெல்லாம் பாத்தீங்க. நம்ம கோவில் திருவிழா எந்த மாசம்னு சொல்லுங்க பாப்போம்.”

“ஜூலை.”

“எத்தன ஜூலை ஊர்ல இருந்தீங்க?”

எட்மண்ட் நாற்காலியின் கால் புல்லில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இருபத்தாறு ஜூலையும் கடல்தான். கரைக்கு வந்த பிறகோ, திருவிழா ஞாயிறுகளில் ஓட்டலில் அவருக்கு முறை வந்துவிடும்.

ஜார்ஜ் அந்தக் கோவிலின் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கதவு திறப்பது அடைப்பது எல்லாம் அவர். அறுபது தாண்டியவர். கமிட்டிக் கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கக் கூப்பிடுவார்கள். அப்போது அவர் முற்றத்தில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். எட்மண்ட் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினார். அவரும் தூக்கினார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. கோவில்பிள்ளையின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

“சரி, நான் பெரிய வாசலுக்குப் போறேன்,” என்றார் எட்மண்ட்.

“இங்கயே இருந்தா என்ன? மொத மொதல்ல ஒரு விழாவுக்கு ஒன்னா வந்திருக்கோம்.”

“அங்கதான் கூட்டம் நெருக்கும். கடைசிப் பாட்டுக்கு வந்துர்றேன்.”

“கெழவி மாதிரி நானே ஒத்தையில உக்காந்திருக்கேன். கத்தி மட்டுந்தான் இல்ல,” என்று பிலோமினம்மாள் சிரித்தாள்.

கொழும்புக் குழு பாடி முடித்தது. மேடான் குழுவின் முரசு ஈரத்தில் தொய்ந்துபோய், அடிக்க அடிக்கச் சப்தம் கீழே போனது. ஒலிபெருக்கியில் நடுநடுவே எங்கோ போகிற டாக்சியின் ரேடியோ பேசியது. ஐந்து மணிக்குக் காற்று நின்றுவிட்டது. மேடைக்கு மேலே கட்டியிருந்த பல நாட்டுக் கொடிகளும் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன. கோவில் கோபுரத்துக்குப் பின்னால் வானம் ஈயம் மாதிரி இருந்தது. எட்மண்ட் கடலில் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறார். அந்த நிறத்தில் ஸ்டூவர்டுகள் கண்ணாடிப் பாத்திரங்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள்.

ஐந்தரைக்குப் பெர்னார்ட் ஒலிபெருக்கியில் வந்தார். மணிலாக் குழு இன்னும் இரண்டு பாட்டுப் பாடும். ஆறு மணிக்குப் பங்குச்சாமியார் ஆசீர்வாதம் கொடுப்பார். யாரும் போய்விட வேண்டாம்.

பெரிய வாசலில் நின்றுகொண்டு எட்மண்ட் மைதானத்தின் அந்தக் கோடியைப் பார்த்தார். தலைகள்தான் தெரிந்தன. கத்தரிப்பூ நிறம் ஒரு பொட்டுத் தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு கணம் அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை நின்றது. பிறகு இல்லை.

ஐந்து ஐம்பதுக்கு இடி இறங்கியது. மேடை விளக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றாக நின்றன. காற்று ஒரே வீச்சில் வந்து பின்திரையைக் கிழித்தது. அதன் பின்னாலேயே மழை.

ஜனம் எழுந்தது. பெரிய வாசலுக்கு வந்தவர்கள் மடமடவென்று வெளியேறினார்கள். எட்மண்ட் கதவின் ஒரு பாதியை முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஓடாதீங்க, வழி இருக்கு, வழி இருக்கு,” என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். அவர்கள் போனார்கள். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சிலர் நாற்காலியைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டுகூடப் போனார்கள். பத்து வருஷமாகத் தேடிய வாசல் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. பாதி மைதானம் இந்தப் பக்கம் வருகிறது. மறுபாதி கூரை இருக்கிற இடத்துக்கு, கோவிலுக்குப் போகும். பிலோமினா இந்நேரம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருப்பாள்.

அப்போது அந்த முகங்களைப் பார்த்தார்.

மைதானத்தின் நடுவில் நாலைந்து பேர் கோவில் பக்கத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வருகிறவர்களை நெஞ்சால் தள்ளிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. சத்தம் இல்லை.

எட்மண்ட் கதவை விட்டார். மைதானத்துக் குறுக்கே போக முடியாது, கூட்டம் எதிரே வருகிறது. அதைக் கணக்குப் போட அவருக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை. சாலையில் இறங்கி, வேலியைச் சுற்றி, கோவிலின் முன்வாசல் வழியாக ஓடினார். நாற்பத்தெட்டு வயதில் அவர் ஓடிய ஓட்டம் அது. முற்றத்தில் நின்று பார்த்தார். பக்கவாசலின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் கைகளும் கன்னங்களும் தெரிந்தன. பித்தளைப் பூட்டு வாய் மூடியிருந்தது.

பூசைச் சாமான்கள் வைக்கிற சக்கிறீஸ்து அறைக்குள் ஜார்ஜ் தூபக்கலசத்தில் கரி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்மண்ட் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“சாவி!”

“என்னப்பா, இன்னும் ஆசீர்வாதமே ஆகலியே?”

“சாவியக் குடுண்ணே!”

“ஆசீர்வாதத்துக்கு முந்தி தொறந்தா எல்லாம் பஸ்ஸப் பிடிக்கப் போயிருவாங்கப்பா. பழைய பெரிய சாமியார் காலத்துலருந்து இதான் மொறை. இருபத்திரண்டு வருஷமா நான்…”

எட்மண்ட் அவர் இடுப்பிலிருந்து கொத்தை அறுத்தார். துணிப் பட்டை கிழிந்தது. கொத்தில் பதினான்கு சாவிகள் இருந்தன. எது என்று தெரியவில்லை. ஜார்ஜ் அப்போதுதான் வாசலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. எட்மண்டின் கையிலிருந்து கொத்தைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடினார். முதல் தடவையிலேயே சரியான சாவியை எடுத்தார்.

கதவு முற்றத்துப் பக்கமாக, அதற்குரிய விதத்தில் சரியாகவே திறந்தது. ஜனம் சரிந்து விழுந்தது. விழுந்தவர்கள் எழுந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, எட்மண்டைத் தாண்டி, கோவிலுக்குள் போனார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எட்மண்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாசலில் மடங்கிப்போன ஒரு நாற்காலியும் அதற்கடியில் கத்தரிப்பூ நிறப் புடவையும் இருந்தன.

*

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்தது. காலை ஆறு மணிப் பூசைக்கு உதவிச் சாமியாரே மணி அடித்தார்.

எட்டு மணிக்கு பெர்னார்ட் எட்மண்டை ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் நிலையத்துக்கு அழைத்துவந்தார். உடலை மறுநாள் மத்தியானம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடிபட்ட மற்ற பதினோரு பேரில் ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு விலா எலும்பு முறிவு.

ஜார்ஜ் ஏற்கெனவே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த துணிப் பட்டையை ஊசி குத்தி இடுப்பில் கட்டியிருந்தார். சாவிக்கொத்து சார்ஜென்டின் மேசையில் ஒரு காகிதத்தின்மேல் இருந்தது. இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா என்று சார்ஜென்ட் கேட்டார். இல்லை என்றார் ஜார்ஜ். பெர்னார்டைக் கேட்டார். தொண்டர்கள் எல்லாரிடமும் சொன்னேன் என்றார் பெர்னார்ட். இவரிடம்? இவர் தொண்டர் இல்லை, கோவில்பிள்ளை.

பூட்டும்போது அங்கே யார் இருந்தார்கள் என்று சார்ஜென்ட் கேட்டார்.

“பிலோமினா இருந்திச்சு,” என்றார் ஜார்ஜ். “நாற்காலியக் கொஞ்சம் நகத்தும்மா, வாசல அடைக்கணும், ஆசீர்வாதம் முடிஞ்சதும் தொறந்துர்றேன்னு சொன்னேன். சரிண்ணேன்னு சொல்லிச்சு. நகத்திட்டு மறுபடி அதே எடத்துல போட்டுக்கிச்சு. அவருகிட்ட சொல்லிறாதீங்க, கத்துவாருன்னு சொல்லிச்சு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லிச்சு.”

சார்ஜென்ட் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். பிறகு எட்மண்ட் பக்கம் திரும்பினார். இறந்தவரின் நாற்காலியை அந்த இடத்தில் போட்டது யார்?

“நான்,” என்றார் எட்மண்ட்.

வாசலிலிருந்து எவ்வளவு தூரம்?

“நாலு எட்டு.”

அடியில் எவ்வளவு வரும் என்று கேட்டார் சார்ஜென்ட். எட்மண்ட் எழுந்து மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நடந்து காட்டினார். ஒரு போலீஸ்காரர் நாடா வைத்து அளந்தார். ஒன்பதடி எட்டு அங்குலம்.

கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது பதினொன்றே கால். சாகுல் ஹமீது கடையை அடைத்துவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். டாக்சி பிடித்துவிட்டதாகச் சொன்னார். பெர்னார்ட் மைதானத்துக்குப் போனார். மேடையைக் கழற்றுகிறவர்கள் வந்திருந்தார்கள். புல்லிலிருந்து தாழ்ப்பாளைத் தேடியெடுத்து, பிரின்சிபால் வருவதற்குள் பெரிய வாசலில் திரும்பப் பொருத்தினார்கள். சாயங்காலம் மறுபடியும் மழை பெய்தது.